டீசல் பூட்டிய பழைய மின்ரயில்கள்: 769-ஐ அதன் போட்டியாளர்களோடு வைத்துப் பார்த்தால்

மொத்தம் 36 ரயில்கள். அதில் 19 ஒரு பயணியைக்கூட ஏற்றாமல் சொந்தக்காரரிடமே திரும்பிப் போயின. 9 ரயில்கள் இரண்டரை வருடம் ஓடிவிட்டு ஓரங்கட்டப்பட்டன. மிச்சம் 8 மட்டும் இங்கிலாந்தின் வடமேற்கில், சவுத்போர்ட் பக்கம் வேலை பார்த்தன. பிரிட்டனின் 769 வகை ரயிலின் கணக்கு இவ்வளவுதான். மேலே மின்கம்பி இருக்கும் வரை மின்சாரத்தில் ஓடி, கம்பி முடிந்ததும் டீசலுக்கு மாறிக்கொள்ளும் 'பை-மோட்' ரயில் இது. புதிதாகக் கட்டியதும் இல்லை, முப்பது வயதுப் பழைய மின்ரயிலில் டீசல் எஞ்சின் பூட்டியது.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "பழசை மாற்றியமைப்பதே வீண்வேலை" என்று ரயில் ஆர்வலர்கள் பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாற்றியமைத்த ரயிலுக்குப் புதிய ரயிலைவிட ஒரே ஒரு மேன்மைதான் உண்டு, சீக்கிரம் வந்து சேரும் என்பது. வேகம், சத்தம், சொகுசு, எரிபொருள் செலவு எல்லாவற்றிலும் புதியது ஜெயிக்கும் என்பது முதல் நாளே தெரிந்ததுதான். 769 அந்த ஒரே மேன்மையையும் கோட்டை விட்டது. அதனால் மற்ற மாற்றுவழிகளோடு ஒப்பிடும்போது "எது நல்ல ரயில்" என்று கேட்பதைவிட "எது எப்போது வந்தது, எந்தப் பாதைக்கு வந்தது" என்று கேட்பதுதான் பயன்.

முதலில் பின்னணி. 769-ஆக மாற்றப்பட்ட 319 வகை மின்ரயில்கள் 1987 முதல் 1990 வரை யார்க் நகரில் கட்டப்பட்டவை, நான்கு பெட்டிகள் கொண்ட 86 தொடர்கள். லண்டனை வடக்கு தெற்காகக் கடக்கும் தேம்ஸ்லிங்க் சேவைக்காக வந்தவை. லண்டனுக்கு வடக்கே மேல்கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம், தெற்கே தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓடும் மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம். இரண்டிலும் ஓட வேண்டியிருந்ததால் பிறவியிலேயே இரட்டை மின்சாரம் தெரிந்த ரயில் அது. 2016-லிருந்து சீமென்ஸின் 700 வகை புதிய ரயில்கள் வந்து இவற்றை வெளியே தள்ளின. பிரிட்டனில் ரயில்களை ஓட்டும் நிறுவனம் ஒன்று, ரயிலுக்குச் சொந்தக்காரரான குத்தகை நிறுவனம் இன்னொன்று. 319-களுக்குச் சொந்தக்காரர் போர்ட்டர்புரூக். வாடகைக்குக் கேட்க ஆளில்லாத ரயில் யார்டில் நின்றால் அவர்களுக்குத்தான் நஷ்டம். அதே சமயம் பேருந்துப் பாகங்களை வைத்து எண்பதுகளில் கட்டிய 'பேசர்' டீசல் ரயில்களை, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளின்படி 2019 முடிவுக்குள் ஒழிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் சும்மா நிற்கும் மின்ரயில், இன்னொரு பக்கம் டீசல் ரயில் தட்டுப்பாடு. போதாக்குறைக்கு 2017 ஜூலையில் கார்டிஃப்–சுவான்சி, விண்டர்மியர் என்று பல பாதைகளின் மின்மயமாக்கலை அரசு ரத்து செய்து, பை-மோட் ரயில் இருக்கும்போது கம்பி எதற்கு என்ற தோரணையில் பேசியது. 769-க்கு இதைவிட நல்ல நேரம் அமைந்திருக்க முடியாது.

தொழில்நுட்பமும் சாமர்த்தியமானதுதான். இரு முனைப் பெட்டிகளின் அடியிலும் தலா ஒரு MAN நிறுவன டீசல் எஞ்சின், சுமார் 390 கிலோவாட், அதோடு ஒரு மின்னாக்கி. அதிலிருந்து வரும் மின்சாரம் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து வருவதுபோலவே 750 வோல்ட் நேர்மின்சாரமாக ரயிலுக்குள் போகும். கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனதும் ஜெனரேட்டரைப் போட்டால் அதே ஒயரில் அதே விளக்கு எரிகிற மாதிரி, உள்ளே இருக்கும் மோட்டாருக்கு வெளியே என்ன நடந்தது என்றே தெரியாது. மோட்டார்கள் நான்கும் ஒரே பெட்டியில், மொத்தம் 990 கிலோவாட். டீசலில் கிடைப்பது 780, அதிலும் விளக்குக்கும் காற்றழுத்திக்கும் ஒரு பங்கு போய்விடும். எஞ்சின்களின் கூடுதல் எடை வேறு. சமதளத்தில் சமாளிக்கும், மேட்டில் மூச்சு வாங்கும்.

பிறகு நடந்தது தாமதம், மேலும் தாமதம். நார்தர்ன் நிறுவனத்துக்கு 2018-ல் வர வேண்டிய எட்டு ரயில்கள் பயணிகளை ஏற்றியது 2021 மே மாதத்தில். வேல்ஸில் 2020 நவம்பர். கிரேட் வெஸ்டர்ன் நிறுவனம் 2018-ல் 19 ரயில்களுக்குக் கையெழுத்துப் போட்டது. ரெடிங்கிலிருந்து காட்விக் விமான நிலையம் போகும் நார்த் டவுன்ஸ் பாதைக்காக மேல்கம்பி, மூன்றாம் தண்டவாளம், டீசல் மூன்றிலும் ஓடும் வகையில் கேட்டிருந்தார்கள். காகிதத்தில் இதைவிடப் பொருத்தம் கிடையாது. அந்தப் பாதையில் மூன்றாம் தண்டவாளம் துண்டு துண்டாக இருக்கிறது: ரெடிங்–வோக்கிங்ஹாம் இருக்கிறது, அப்புறம் ஆஷ் வரை இல்லை, கில்ஃபோர்டு பக்கம் மறுபடி இருக்கிறது, ரைகேட் வரை மறுபடி இல்லை. 319 போன்ற ரயிலுக்கென்றே போட்ட பாதை மாதிரி இருக்கும். சோதனை ஓட்டம் எல்லாம் நடந்தது. ஆனால் கோவிட் வந்து, பயணிகள் குறைந்து, செலவைக் குறை என்று மேலிருந்து நெருக்கும் காலத்தில் வருடக்கணக்கில் தாமதமான பழைய ரயிலுக்காக யார் நிற்பார்கள்? 2022 டிசம்பரில் 19-ஐயும் திருப்பித் தருவதாக அறிவித்துவிட்டார்கள். பாதையில் பழைய டர்போ டீசல் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவையே தொடர்ந்தன.

ஒப்பீட்டில் எல்லோரும் விட்டுவிடும் போட்டியாளர் இதுதான்: ஒன்றும் செய்யாமல் இருப்பது. 165 வகை டர்போ தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் வந்தது, 319-ஐவிட வயதில் சின்னது. மூன்றாம் தண்டவாளத்தின் மேலேயே டீசல் புகையை விட்டுக்கொண்டு போவது பார்க்க எரிச்சலாக இருக்கும். ஆனால் ஓட்டுநருக்குப் பழக்கம், ஷெட்டில் உதிரிபாகம் தயார், புதிதாக யாரும் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை. மாற்றியமைத்த ரயில் முதலில் ஜெயிக்க வேண்டியது இந்த அலுப்பான எதிரியை. 769 அதனிடமே தோற்றது.

வேல்ஸின் ரிம்னி பாதைக்கு வருவோம், அங்கேதான் ஒப்பீடு சுத்தமாகக் கிடைக்கிறது. ஒரே பாதை, ஒரே ஏற்றம், கார்டிஃபிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறும் ரயில். 2020 நவம்பரில் 769 வந்தது. 2023 ஜனவரியில் ஸ்டாட்லர் கட்டிய 231 வகை வந்தது, அது ஃபிளர்ட் குடும்பத்து டீசல்-மின்சார ரயில். 2023 மே மாதத்தோடு 769 வெளியேறியது. 2024 நவம்பரில் பக்கத்துப் பள்ளத்தாக்குப் பாதைகளில் 756 வகை வந்தது, அதே ஃபிளர்ட், ஆனால் மேல்கம்பி, பேட்டரி, டீசல் மூன்றும் உண்டு. நான்கு வருடத்துக்குள் மூன்று தலைமுறை.

231-ல் தலா 480 கிலோவாட் கொண்ட நான்கு டீசல் எஞ்சின்கள், மொத்தம் 1,920. 769-இன் 780-ஐ இதன் பக்கத்தில் வைத்தால் மலையேறும் பாதையில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டாட்லர் எஞ்சின்களைப் பயணிகளின் காலடியில் வைக்கவில்லை. நடுவில் ஒரு குட்டிப் பெட்டி, அதன் இரு பக்கமும் எஞ்சின், நடுவே நடந்துபோக வழி. அதிர்வு, சத்தம் எல்லாம் அந்தப் பெட்டியோடு முடிந்துவிடும். பயணிகள் பெட்டியின் தளத்தைத் தாழ்வாக வைக்கவும் இடம் கிடைக்கிறது, சக்கர நாற்காலி நேராக உள்ளே போகலாம். இதை 319-இன் உடலில் எவ்வளவு வெட்டி ஒட்டினாலும் கொண்டுவர முடியாது.

756-க்கு இன்னொரு வேலையும் உண்டு. கார்டிஃபைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குப் பாதைகளில் கம்பி போட்டபோது தாழ்வான பாலங்களை எல்லாம் இடித்துக் கட்டாமல், அந்த இடங்களில் மின்சாரம் இல்லாத இடைவெளி விட்டார்கள். ரயில் அங்கே பேட்டரியில் ஓடி மறுபடி கம்பியைப் பிடித்துக்கொள்ளும். மின்மயமாக்கலில் பணத்தைத் தின்பது கம்பியைவிடப் பாலமும் சுரங்கமும்தான், அதனால் ரயிலில் கொஞ்சம் பேட்டரி வைத்துப் பாலத்தைத் தொடாமல் விடுவது நல்ல கணக்கு. ரயிலையும் பாதையையும் ஒரே ஆள் ஒரே மேசையில் உட்கார்ந்து யோசித்தால்தான் இது நடக்கும். வேல்ஸ் அரசு 2020-ல் அந்தப் பாதைகளைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது, அதனால் நடந்தது. 769-க்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அது கிடைத்த பாதையில் போய் நிற்க வேண்டிய ரயில்.

இருந்தாலும் புதிய ரயில் என்றால் உடனே தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். கிழக்கு மிட்லண்ட்ஸுக்கு ஹிட்டாச்சி கட்டும் 810 வகை பை-மோட் 2022-ல் வர வேண்டியது, அதுவும் வருடக்கணக்கில் தள்ளிப்போனது. 2021 மே மாதத்தில் ஹிட்டாச்சி 800 குடும்பத்து ரயில்களில் விரிசல் கண்டு ஒரே காலையில் கூட்டமாக நிறுத்தியதும் நடந்ததுதான். புதியதும் தாமதமாகும், புதியதும் கெடும். வித்தியாசம் எங்கே என்றால், நான்கு வருடம் தாமதமான புதிய ரயிலுக்கு மிச்சம் முப்பது வருட ஆயுள் இருக்கும், நான்கு வருடம் தாமதமான 319-க்கு அதன் மிச்ச ஆயுளில் பாதி போயிருக்கும்.

அடுத்து விவாரயில் என்ற நிறுவனமும் அதன் ரயில்களும். இதுவும் பழசை மாற்றும் கூட்டம்தான், ஆனால் எடுத்த மூலப்பொருள் வேறு: லண்டன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் பாதையில் ஓடிய அலுமினிய உடல் ரயில்கள். துருப்பிடிக்காத உடலை வைத்துக்கொண்டு அடியில் என்ன வேண்டுமோ அதைப் பூட்டுவது, வேனில் வரும் ஃபோர்டு டீசல் எஞ்சின், இல்லையென்றால் பேட்டரி, இல்லையென்றால் இரண்டும். ஆரம்பம் சரியில்லை. 2016 கடைசியில் கெனில்வொர்த்தில் சோதனையின்போது தீப்பிடித்து, கவென்ட்ரி–நனீட்டன் சோதனைச் சேவை ரத்தானது. ஆனாலும் 2019-ல் மார்ஸ்டன் வேல் பாதையில் மூன்று ரயில்கள் ஓடின, 2021-ல் ஐல் ஆஃப் வைட் தீவில் ஐந்து. அந்தத் தீவில் அதற்கு முன்பு ஓடியது 1938-ம் வருட ரயில், அதனால் அங்கே விவாரயில் வந்தது நிஜமாகவே புதுசு வந்த மாதிரிதான். வேல்ஸின் ரெக்ஸம்–பிட்ஸ்டன் பாதைக்கு டீசலும் பேட்டரியும் சேர்ந்த ஐந்து.

2022 டிசம்பரில் விவாரயில் திவாலானது. மார்ஸ்டன் வேல் பாதையில் ரயில் சேவையே நின்றுபோய் கிட்டத்தட்ட ஒரு வருடம் பேருந்துதான். மாற்றியமைத்த ரயிலின் உண்மையான பலவீனம் எஞ்சினைவிட இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. உலகத்தில் மூன்றே மூன்று ரயில் ஒரு மாதிரி, அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஒரே கம்பெனியில், அந்தக் கம்பெனி மூடினால் ரயில் இரும்புக்கடைச் சரக்கு. 769-க்காவது போர்ட்டர்புரூக் போன்ற பெரிய சொந்தக்காரர் பின்னால் இருந்தார்.

ஆனால் விவாரயிலின் கதை அங்கே முடியவில்லை. 19 ரயிலைத் திருப்பி அனுப்பிய அதே கிரேட் வெஸ்டர்ன், 2023 ஆரம்பத்தில் விவாரயிலின் பேட்டரித் தொழில்நுட்பத்தை வாங்கி, அதன் ஆட்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டது. மேற்கு லண்டனில் வெஸ்ட் ஈலிங்–கிரீன்ஃபோர்டு கிளைப்பாதை, இரண்டரை மைல் நீளம். ரயில் வெஸ்ட் ஈலிங்கில் வந்து நின்றதும் மூன்றரை நிமிடத்தில் சார்ஜ் ஏறுகிறது. சார்ஜ் ஏற்றும் தண்டவாளத்தில் ரயில் மேலே நின்றால் மட்டும்தான் மின்சாரம், மற்ற நேரம் செத்த இரும்பு, அதனால் பாதுகாப்புப் பயம் இல்லை. சோதனை ஓட்டம் 2024-ல் தொடங்கியது. அந்த வருடம் பிப்ரவரியில் அதே ரயில் ஒரே சார்ஜில் 86 மைல் போனது, 2025 ஆகஸ்டில் 200 மைலைத் தாண்டியது. இரண்டரை மைல் பாதைக்கு 200 மைல் எதற்கு என்று கேட்டால் பதில் எளிது: அந்தத் தூரம் போக முடியும் என்றால் நாள் முழுக்க போய்வந்து, இடையில் ஒரு சார்ஜ் தவறினாலும் பாதையில் நின்றுவிடாது.

பழைய ரயிலை மாற்றுவது என்றால் டீசல் பூட்டுவதைவிடப் பேட்டரி பூட்டுவது சரியான திசை என்று இதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். டீசல் பூட்டினால் மின்ரயிலுக்கு எரிபொருள் தொட்டி, குளிரூட்டி, புகைபோக்கி, தீயணைப்பு என்று அதுவரை இல்லாத எல்லாத் தலைவலியும் சேரும். பேட்டரி பூட்டினால் அது மின்ரயிலாகவே இருக்கிறது. இதுவும் புதுக் கண்டுபிடிப்பு கிடையாது. 2015 ஜனவரியில் மானிங்ட்ரீ–ஹார்விச் பாதையில் 379 வகை மின்ரயிலில் பேட்டரி வைத்துப் பயணிகளோடு ஓட்டிக் காட்டினார்கள். அது நன்றாக ஓடியது, அடுத்த வருடமே 319-இல் டீசல் பூட்டும் திட்டத்தை அறிவித்தார்கள். அந்தச் சமயத்தில் பேட்டரி விலை அதிகம் என்பது நியாயமான பதில்தான், இருந்தாலும் வயிறு எரிகிறது.

ஹைட்ரஜனைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அதே 319-ஐ வைத்து போர்ட்டர்புரூக்கும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் ஹைட்ரோஃபிளெக்ஸ் என்று ஒன்றைச் செய்தார்கள். 2020 செப்டம்பரில் பிரதான பாதையில் ஓடியது, அடுத்த வருடம் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் காட்சிக்கு நின்றது. முதல் ரயிலில் வாயுத் தொட்டிகளும் எரிபொருள் கலமும் ஒரு பெட்டியில் பயணிகள் உட்கார வேண்டிய இடத்தையே பிடித்துக்கொண்டன. நான்கு பெட்டி ரயிலில் அப்படி இடத்தை இழந்தால் காலை நேரக் கூட்டத்தை எங்கே ஏற்றுவது? மின்சாரத்தில் ஹைட்ரஜன் செய்து மறுபடி மின்சாரமாக்கினால் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் 14 புதிய ஹைட்ரஜன் ரயில்களை 2022-ல் பெருமையாக இறக்கிவிட்டு, அடுத்த வருடமே இனி பேட்டரி ரயில்தான் என்று 102 ரயில் வாங்க முடிவு செய்தது. நம் பெரம்பூர் ஐசிஎஃப்-பும் இதே வேலையில் இருக்கிறது: டெமு ரயில் ஒன்றை ஹைட்ரஜனுக்கு மாற்றி ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் பாதையில் ஓட்டும் திட்டம், 2025 ஜூலையில் எஞ்சின் பெட்டியின் சோதனை சென்னையில் நடந்தது. இந்தியாவின் அகலப்பாதை கிட்டத்தட்ட முழுக்க மின்மயமான பிறகு இந்த ரயிலுக்கு எங்கே இடம் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது, ஆனால் அது தனிக் கட்டுரைக்கான சமாச்சாரம்.

எல்லோருக்கும் மேலே நிற்கும் போட்டியாளர் மின்கம்பிதான். லாஸ்டாக் சந்திப்பிலிருந்து விகன் வரை ஆறரை மைலுக்குக் கம்பி போட 7.8 கோடி பவுண்டு என்று 2021-ல் அறிவித்தார்கள், மைலுக்கு 1.2 கோடி. கேட்டால் தலை சுற்றும். ஆனால் அந்தத் தொகையில் பாலங்களை உயர்த்துவதும் நடைமேடைகளை நீட்டுவதும் அடக்கம், அதெல்லாம் போட்டால் தலைமுறைகளுக்கு நிற்கும். நார்தர்னின் எட்டு 769-களும் ஓடும் பாதையே இதுதான், சவுத்போர்ட்டிலிருந்து விகன், போல்ட்டன் வழியாக மான்செஸ்டரைத் தாண்டி ஆல்டர்லி எட்ஜ் வரை. இந்தத் துண்டுக்குக் கம்பி வந்தால் டீசலில் ஓட வேண்டியது விகன்–சவுத்போர்ட் 17 மைல் மட்டும்தான். மூன்றில் இரண்டு பங்கு கம்பிக்கடியில், கடைசிக் கொஞ்சம் சமதளத்தில் டீசலில். 769-க்கு வாழ்நாளிலேயே கிடைக்கக்கூடிய மிகப் பொருத்தமான வேலை அப்போதுதான் அமைகிறது, ஆனால் உடலுக்கு நாற்பது வயது நெருங்கிவிட்டது.

நார்தர்ன் 450 வரை புதிய ரயில்கள் வாங்க 2025 ஜனவரியில் டெண்டர் விட்டது, ஒன்றுக்கு மேற்பட்ட ஆற்றலில் ஓடும் ரயில்களும் அதில் உண்டு, முதல் ரயில் 2030 வாக்கில். ஆக இடையில் சில வருடம். இந்த இடைவெளிக்கு 150 வகைப் பழைய டீசலையே ஓட்டுவதா, 769-ஐ ஓட்டுவதா என்றால் சவுத்போர்ட் பாதைக்கு நான் 769 பக்கம்தான். நான்கு பெட்டி இருக்கிறது, மான்செஸ்டர் கூட்டத்துக்கு இரண்டு பெட்டி 150 போதாது, கம்பிக்கடியிலாவது புகை இல்லாமல் போகும். திரும்பி வந்த ரயில்களில் மிச்சம் இருப்பவற்றிலிருந்து உதிரிபாகம் கழற்றிக்கொள்ளலாம், அதற்காவது அந்த 19 பயன்படட்டும். ஆனால் ஒன்பதாவதாக ஒரு 769 வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம். ரிம்னி மாதிரி ஏற்றமான, கூட்டமான பாதைக்குப் புதிய மூவழி ரயில், கிரீன்ஃபோர்டு மாதிரி சின்னக் கிளைப்பாதைக்கு மாற்றியமைத்த பேட்டரி ரயில், அதுவும் பழுதுபார்க்கும் ஆட்களை ஓட்டும் நிறுவனமே கையில் வைத்திருந்தால் மட்டும். நார்த் டவுன்ஸுக்கு அந்த விடுபட்ட இரண்டு துண்டிலும் பேட்டரியில் ஓடி, மூன்றாம் தண்டவாளத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் ரயில் போதும். டர்போக்களும் கிழவனாகிக்கொண்டே வருகின்றன, அந்த ஆர்டரை யாராவது இப்போதே போட்டால் நல்லது.